மூன்று மாடி ஏறிய வெள்ளை அணுக்கள்

எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்து பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், "நீங்கதான் தெனம் வெளையாடுவீங்களே?" என்று கேட்டார்கள். குரலில் துக்கத்தைவிடப் புகார் தூக்கலாக இருந்தது. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் பழுதாகிவிட்ட மிக்ஸியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோகிறவர்களின் குரல் அது. கடைக்காரர் இடத்தில் நான் படுத்திருந்தேன். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருக்கிறார். டாக்டர் சொன்னாரே என்று அரைமனதாகக் காலை நடை போய்க்கொண்டிருந்தவர், என் செய்தி கேட்ட மறுநாளே நிறுத்திவிட்டார். அவர் மனைவி வந்து என்னிடம் முறையிட்டபோது மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மீதிப் பாதிப் பேர், விளையாடியதால்தான் வந்தது என்றார்கள். பந்து வயிற்றில் பட்டிருக்கும், ரத்தம் கட்டியிருக்கும், அது திரண்டு இப்படி ஆகிவிட்டது. ஆக, விளையாடியது குற்றம், அல்லது போதுமான அளவு விளையாடாதது குற்றம். சும்மா ஒரு மனிதன் நோயில் விழுவதற்கு எங்கள் ஊரில் வசதி கிடையாது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஊசிகள் முடிந்துவிட்டன. வைத்தியம் பலித்ததா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாத இந்த இடைவெளியில் எழுதி வைத்துவிடுகிறேன்.

விளையாட்டு என்று நான் சொல்வது பூப்பந்தை. அணிக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு மட்டை, நடுவில் வலை, மஞ்சள் கம்பளியில் ஒரு பந்து. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு மாலை நேரத்துப் போக்கிடம் அந்த மைதானம்தான். பந்தை அடித்ததைவிடப் பொறுக்கியதுதான் ஜாஸ்தி. குனிந்து நிமிர்வதும் பயிற்சிதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அணியின் கேப்டன், கோச், வலை கட்டுகிறவர் எல்லாமே என் மச்சான் சேகர். என் மனைவி வசந்தாவின் தம்பி. புவனகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். உலகத்தின் எந்தச் சிக்கலும் மைதானத்தை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினால் தீர்ந்துவிடும் என்பது அவனுடைய தத்துவம். நான் படித்த தத்துவ நூல்கள் எதிலும் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

2008 கடைசியில் எனக்கு ஆட்டத்தின் நடுவே மூச்சு வாங்க ஆரம்பித்தது. முன்பும் வாங்கும். ஆனால் இப்போது பந்தைப் பொறுக்குவதற்கே வாங்கியது. சேகரிடம் சொன்னேன். "ஸ்டாமினா போயிடுச்சி மாமா. வயசாவுதில்ல. ஆட்டம் முடிஞ்சி ரெண்டு ரவுண்டு ஓடுங்க, சரியாயிடும்" என்றான். ஓடினேன். சரியாகவில்லை. இன்னும் இரண்டு சேர்த்தான். ஒரு நாள் மாலை வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டியது. கூட ஆடியவர்கள் நான் நடிக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அதற்கு என் பழைய சரித்திரம் இடம் கொடுத்திருந்தது.

ரத்தம் சோதித்ததில், ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற, மூச்சுக்காற்றைச் சுமந்து போகிற ஹீமோகுளோபின் என்கிற சரக்கு பாதிதான் இருந்தது. இதை வைத்துக்கொண்டா ஓடினீர்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. விளையாட்டு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அப்புறம், ரத்தம் எங்கே ஒழுகுகிறது என்று தேடினார்கள். நுனியில் கேமரா பொருத்திய நீளமான குழாயைக் கீழ்வழியாக உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு முந்தைய நாள் குடலைக் கழுவிக் காலி செய்ய ஒரு திரவம் தருவார்கள். குழாயை மன்னித்துவிட்டேன், திரவத்தை மன்னிக்கவில்லை. குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. சதை எடுத்துச் சோதித்துப் பெயரையும் சொன்னார்கள்.

விளையாடினவனுக்கு ஏன் வந்தது என்று, ஊர் கேட்ட கேள்வியை நானும் டாக்டரிடம் கேட்டேன். உடலை அசைப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்புக் குறையும், இல்லாமல் போகாது என்றார். உட்கார்ந்தே இருந்திருந்தால் மூச்சு வாங்குவதே தெரியாமல் இன்னும் தாமதமாக வந்திருப்பீர்கள், ஓடினதால் பிடிபட்டது என்றும் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. பக்கத்தில் நின்ற சேகரின் காதில் அந்தப் பாதி விழவே இல்லை. ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த ஆளை ரவுண்டு ஓடவிட்டோம் என்பது மட்டும்தான் அவனுக்குள் தங்கியது. 

அறுவை சிகிச்சை சிதம்பரத்திலேயே நடந்தது. கட்டி இருந்த குடல் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். மறுநாள் காலையே நர்ஸ் வந்து எழுந்து நடக்கச் சொன்னார். படுத்தே கிடந்தால் குடல் சோம்பிவிடும், காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். பார்க்க வந்திருந்த உறவுக்காரர்கள் பதறிப்போனார்கள். தையல் பிரிந்துவிடும் என்று என் பெரியம்மா மகள் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றார். நம் பக்கத்தில் நோயாளி என்றால் அசையக் கூடாது. அசைந்தால் நோய்க்கு மரியாதை இல்லை. சேகருக்கோ உயிர் திரும்பியது. கடைசியில் ஒரு வைத்தியம் அவன் மொழியில் பேசியிருக்கிறது. மூத்திரப் பையை ஒரு கையிலும் என்னை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடத்தினான். "நிமிந்து மாமா, நிமிந்து. தரையில என்னா காசா கெடக்குது?" என்று வார்டே கேட்கும்படி அதட்டினான். வசந்தா பின்னால், நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் ஒரு கையை நீட்டியபடி வருவாள். அந்த ஊர்வலத்தில் நான் உற்சவர். தூக்கிப் போவதும் இறக்கி வைப்பதும் அவர்கள் கையில்.

வெட்டியதோடு விடவில்லை. பக்கத்து நிணநீர்க் கட்டிகள் சிலவற்றிலும் நோய் தொட்டிருந்தது. அந்தக் கட்டிகள் உடம்பின் சோதனைச் சாவடிகள் மாதிரி. சாவடியைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது போயிருந்தால் அதைக் கொல்ல மருந்து ஏற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை, கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில். அங்கே வரும் டாக்டரம்மா என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். ரொம்பவும் மெதுவாகப் பேசுவார். மெதுவாகப் பேசுகிற டாக்டர்களைக் கண்டால் எனக்குப் பயம். சத்தம் போடுகிறவர்களுக்கு நம்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

மருந்து ஏறியபின் சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொட முடியாது. குழாய்த் தண்ணீர் விரலில் ஊசியாகக் குத்தும். ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். வசந்தா என் குளியல் தண்ணீர், குடிக்கும் தண்ணீர், கை கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தாள். வாய்க்கு எல்லாமே பித்தளைச் சொம்பை நக்கியதுபோல ருசித்தது. அவள் வைத்த ரசத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். திருமண வாழ்வில் இதுபோன்ற பொய்களுக்கு நான் எப்போதும் பயிற்சியில்தான் இருந்திருக்கிறேன்.

இங்கேதான் வெள்ளை அணுக்கள் வருகின்றன. மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. வேகமாக வளர்கிற எதையும் அடிக்கும். ரத்தத்தில் நோய்க்கிருமிகளோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களும் அதில் அடிபடும். இரண்டு வாரத்தில் அவை ஓரளவு மீண்டிருந்தால்தான் அடுத்த ஊசி. அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் ரத்தம் எடுத்து எண்ணுவார்கள். எண்ணிக்கை ஒரு கோட்டுக்கு மேலே இருந்தால் ஊசி, கீழே இருந்தால் வீட்டுக்கு. காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் இதைப் "பாஸ்", "ஃபெயில்" என்றே சொன்னார்கள். நாளைத் தள்ளாமல் போடுவது நல்லது என்று டாக்டரம்மா ஒரு முறை சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியம் வசந்தாவைப் பிடித்துக்கொண்டது. தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் உள்ளே ஏதோ ஒன்று ஒரு படி ஏறுகிறது என்று அவள் மனசுக்குள் ஒரு படம். நான் ஃபெயிலாகி வந்தால் அவள் அன்று சாப்பிட மாட்டாள்.

முதல் முறை நானும் சேகரும் போன பஸ் புதுச்சத்திரம் தாண்டி நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்து, இறங்கி, ஓட்டமும் நடையுமாக மருத்துவமனைக்குள் போனால், லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடிவரை ஏறினோம். ரத்தம் எடுப்பது கீழே என்றார்கள். இறங்கி வந்து மூச்சிரைக்கக் கையை நீட்டினேன். எண்ணிக்கை பிரமாதம். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை சுமாராகப் போயிற்று. அப்புறம் ஒரு நாள், சேகரின் நண்பர் ஒருவர் அன்போடு கார் கொடுத்தார். ஏ.சி. போட்டு, சாய்ந்து உட்கார்ந்து, ராஜா மாதிரி போய் இறங்கினேன். ஃபெயில். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மறுவாரமும் அதே கார், அதே ஃபெயில்.

திரும்பி வரும்போது சேகர் ஆலப்பாக்கம்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். திடீரென்று என் பக்கம் திரும்பினான்.

"மாமா, வார்ம்-அப் இல்லாம ட்ரையல்ஸ்க்குப் போனா யாரு செலக்ட் ஆவான்?"

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். முதல் முறை ஓடிவந்து, மாடி ஏறி இறங்கிக் கொடுத்த ரத்தம் பாஸ். காரில் தூங்கிக்கொண்டு போய்க் கொடுத்த ரத்தம் ஃபெயில். ரத்தப் பரிசோதனையை ஒரு தகுதிச் சுற்றாகப் பார்ப்பதற்கு அவனால் மட்டும்தான் முடியும். அது முட்டாள்தனம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இத்தனை நாளில் என் கையில் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது இதுதான் முதல் தடவை. குத்துவது, எண்ணுவது, தள்ளிவைப்பது எல்லாம் வேறு யாரோ செய்வார்கள். மாடி ஏறுவது மட்டும் நான் செய்ய வேண்டியது. மறுக்க மனசு வரவில்லை.

அடுத்த வாரம் பஸ்ஸில் போனோம். டோக்கன் வாங்கிக்கொண்டு, என் முறைக்கு நாலு பேர் இருக்கும்போதே சேகர் என்னை மாடிப்படிக்கு அழைத்துப்போனான். வேகமாக மூன்றாவது மாடி, அங்கிருந்து இறக்கம், மறுபடி ஒரு முறை. இரண்டாவது தடவை நடுவிலேயே நின்றுவிட்டேன். "ஆச்சி மாமா, ஆச்சி, இன்னும் ஒரு வளைவுதான்" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினான். கீழே வந்து, நெஞ்சு அடித்துக்கொள்ள, கையை நீட்டினேன். எண்ணிக்கை கோட்டைத் தொட்டு ஒரு நூல் மேலே நின்றது. பாஸ். சேகர் கூடத்துக்கு வந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னான். பக்கத்துப் பெஞ்சில் குமராட்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மார்பில் வந்த நோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எத்தனை மாடி என்று கேட்டார். அவன் விவரமாகச் சொன்னான். உடனே வசந்தாவுக்குப் போன் செய்தான். "போட்டாச்சிக்கா, போட்டாச்சி. நீ சாப்புடு."

ஒரு வாரம் கழித்துக் குளிர் வந்தது. பல்லோடு பல் அடித்தது. காய்ச்சல் கண்டால் ஒரு நிமிஷமும் வைத்துக்கொண்டிருக்காமல் வர வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு. அதே காரில் போனோம். வெள்ளை அணுக்கள் அனேகமாக இல்லை என்றார்கள். சாதாரணமாக எல்லோர் வாயிலும் தோலிலும் குடியிருக்கும் கிருமிகளே போதும், சாவடியில் ஆளில்லை என்று தெரிந்தால் உள்ளே வந்துவிடும். தனி அறையில் போட்டார்கள். கையில் ஊசி, மூக்கில் காற்று. வருகிறவர்கள் முகமூடி கட்டிக்கொண்டு வாசலோடு நின்றார்கள். பச்சைக் காய், பழம் கூடாது என்று சொல்லியும் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பை சாத்துக்குடி வாங்கி வந்தார்கள். பூப்பந்து அணி முழுவதும் ஒரு வேனில் வந்து, உள்ளே விட மாட்டோம் என்றதும் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பியது. பில் நாளுக்கு நாள் வளர்ந்தது. அந்த அறையில் வளர்ச்சி கண்டது அது ஒன்றுதான்.

இரண்டு நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. வசந்தாவின் விரல்கள் என் பாதத்தைப் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பாதத்தை விட்டால் நான் போய்விடுவேன் என்பதுபோலப் பிடித்திருந்தாள். நான் போகிற ஆளா, மூன்று மாடி ஏறவே மூச்சு வாங்குகிற ஆள் என்று சொல்ல நினைத்தேன். வாயெல்லாம் புண். நகைச்சுவைக்கும் உமிழ்நீர் வேண்டும் என்று அப்போது தெரிந்தது.

காய்ச்சல் இறங்கிய அன்று டாக்டரம்மா வந்தபோது சேகர் வாசலிலிருந்து உள்ளே வந்து நின்றான். முகமூடியைச் சரி செய்துகொண்டான்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும். போன தடவ ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி நாந்தான் இவர மாடி ஏறி எறங்க வச்சேன். கவுன்ட் ஏறட்டும்னு."

அவர் கோபப்படவில்லை. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். சேகரின் கணிப்பு சரிதானாம். அதுதான் கொடுமை. வெள்ளை அணுக்களில் ஒரு பகுதி ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். வேகமாக அசைந்தால் அவை சுவரை விட்டு ஓட்டத்தில் கலக்கும். கொஞ்ச நேரத்துக்கு எண்ணிக்கை ஏறித் தெரியும். ஆனால் புதிதாக ஒன்றுகூடப் பிறந்திருக்காது. எனக்கு உடனே புரிந்தது. டீக்கடையிலும் கோயில் மதில் ஓரத்திலும் நிற்கிறவர்களையெல்லாம் லாரியில் ஏற்றி மைதானத்தில் இறக்கினால் மாநாட்டுக்குக் கூட்டம் வந்தது போலத்தான் இருக்கும். ஊர் ஜனத்தொகை கூடிவிடாது.

"அப்ப இந்தக் காய்ச்சல் என்னாலதான் வந்திச்சா மேடம்?"

"இருக்கலாம். மாடி ஏறாம இருந்தாலும் அன்னிக்குப் பாஸ் ஆகியிருக்கலாம். நல்ல கவுன்ட் இருக்கறவங்களுக்கும் இப்படி வருது. இப்ப சொல்ல முடியாது சார்."

குற்றவாளி என்றாவது சொல்லுங்கள், விடுதலை என்றாவது சொல்லுங்கள் என்பதுபோல அவன் நின்றான். அவர் இரண்டையும் சொல்லவில்லை. தினமும் நடப்பது நல்லது, உடம்பு தாங்குகிற அளவு நடக்கட்டும், களைப்பு குறையும், தூக்கம் வரும் என்றார். ரத்தம் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் மட்டும் அசையாமல் உட்கார வேண்டும்.

"நான் என்னா செய்யணும்?" என்றான் சேகர்.

"நீங்களும் அவர்கூட உக்காருங்க."

வாழ்நாளில் அவனுக்கு யாரும் இவ்வளவு கடினமான பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த முறைக்கு மருந்தின் அளவைக் குறைத்திருந்தார்கள். சீக்கிரமே போய்க் கூடத்தில் உட்கார்ந்தோம். சேகர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். முழங்கால் தானாக ஆடியது. மாடிப்படிப் பக்கம் இரண்டு மூன்று பேர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருவர் தலையில் குல்லாய், இன்னொருவர் கையில் பிளாஸ்திரி. எல்லோர் கையிலும் டோக்கன். கடைசியாக, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, அந்தக் குமராட்சி அம்மா. அவர் கணவர் அவருடைய செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே நின்றார்.

சேகர் எழுந்து ஓடினான். முதல் வளைவில் அவரை நிறுத்தினான். நானும் மெல்லப் படிக்கட்டின் அடிவரை போனேன். அவன் சொன்னதெல்லாம் கேட்டது. வேணாம்மா, நான் சொன்னது தப்பு, எண்ணிக்கை ஏறின மாதிரி காட்டுதே தவிர ஏறறது இல்லை, எங்க மாமா செத்துப் பொழைச்சாரு. நான் அவனுக்கு விளக்கியிருந்த, கூட்டத்தை லாரியில் ஏற்றி வருகிற கதையையும் சொன்னான். அந்த அம்மா மூச்சு வாங்கியபடி முழுவதும் கேட்டார்.

"ரெண்டு தபா திருப்பி அனுப்பிட்டாங்க தம்பி. கூட்டம் பொய்யாவே இருக்கட்டும். ஊசி நெசந்தானே?"

"காய்ச்சல் வந்துடும்மா. அதச் சொல்றேன்."

அவர் கைப்பிடிக்கு மேலாகக் குனிந்து, கீழே நின்ற என்னைப் பார்த்தார்.

"இவுருக்கு வந்திச்சி. நல்லாத்தானே நிக்கறாரு."

என்னால் முடிந்தவரை நோயாளியாகத் தெரிய முயன்றேன். கன்னத்தை ஒடுக்கிக்கொண்டு, கைப்பிடியில் சாய்ந்து நின்றேன். ஆனால் உயிரோடு நிற்கிற ஆளை வைத்துக்கொண்டு யாரை எச்சரிப்பது? டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்த நினைப்பையும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் தள்ளிப்போட்டேன். சொன்னால் மூன்றாவது தபாவும் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த படியில் காலை வைத்தார். சேகர் மறித்துக்கொண்டுதான் நின்றான். பிறகு சுவரோடு ஒதுங்கி வழி விட்டான். அவர் மேலே ஏற, விழுந்தால் பிடிப்பதற்காக இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, ஒரு படி இடைவெளியில் அவனும் பின்னால் ஏறினான்.